காப்புக் கட்டிய வீட்டில் எனக்கு வந்த காய்ச்சல்

அந்த வீட்டில் என்னைச் சாக விட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன். சாட்சியை இனிமையாகத் தொடங்க வேண்டும் என்று நம் சபையில் சொல்வார்கள். எனக்கு அது வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். பூச்சாகுபடி பற்றி ஒரு படிப்புக்காகப் போன வருடம் திண்டுக்கல்லுக்குப் போனேன். கல்லூரிக்காரர்கள் அகரம் பக்கத்தில் ஒரு மல்லிகை விவசாயி வீட்டில் என்னைத் தங்க வைத்தார்கள். வீட்டுக்காரர் முருகேசன் அண்ணன், அவர் மனைவி சரோஜா அக்கா. எனக்கும் அந்த அக்காவுக்கும் முதல் நாளே ஆகவில்லை. நான் வாய்விட்டு ஜெபித்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். நான் இன்னும் சத்தமாக ஜெபிப்பேன்.

மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரில் காப்புக் கட்டினார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வீட்டில் கவிச்சி கூடாது. ஊரை விட்டுப் போய் ராத்தங்கவும் கூடாது. என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. நான் டவுனிலிருந்து மட்டன் பிரியாணி வாங்கி வந்து என் அறையில் பிரித்தேன். வாசனை பிடித்து சரோஜா அக்கா வந்தார். அவர் கையில் மஞ்சள் காப்பு. வேடசந்தூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் கரு தங்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளுக்காகத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தார். பொட்டலத்தைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

"பாவி, விரதத்தக் கெடுக்கவே வந்தியா?" என்று கத்தினார். நானும் கத்தினேன். அதற்காக இன்றும் எனக்கு வெட்கம் இல்லை.

மறுநாளே காய்ச்சல் அடித்தது. பிறகு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். "ஆத்தா வந்துட்டா. கவிச்சி தின்ன வாய்க்கு வேற என்ன வரும்?" என்றார் முருகேசன் அண்ணன். அம்மை என்றால் ஆஸ்பத்திரி இல்லை, மாத்திரை இல்லை. தலைமாட்டில் வேப்பிலை வைத்தார்கள். உடம்பில் மஞ்சளை அரைத்துப் பூசினார்கள். கல்லூரி மேடத்துக்குப் போன் போட்டேன். "அம்மைன்னா அங்கேயே இரும்மா, இங்க மத்தவங்களுக்குத் தொத்திக்கும்" என்று வைத்துவிட்டார்கள். படித்தவர்களும் அவ்வளவுதான்.

நாளுக்கு நாள் மோசமானது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மூச்சு வாங்கியது. ஈப்போவில் இருக்கிற என் அம்மா முகம்கூடச் சரியாக நினைவுக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை, கோப ஜெபம். "ஆண்டவரே, இந்த வீட்டிலிருந்து என்னை வெளியே எடும். யாரையாவது அனுப்பும். இந்த அம்மாவை மட்டும் அனுப்பாதேயும்."

கதவு திறந்தது. வந்து நின்றது சரோஜா அக்கா.

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெளியே போய்ப் போன் போட்டுவிட்டு வந்தார். பிறகு, "எந்திரி. ஆட்டோ வருது" என்றார். வாசலில் முருகேசன் அண்ணன் மறித்தார்.

"ஏண்டி, காப்புக் கட்டிக்கிட்டு எங்க போற? பெட்ல சேத்தா ராத்தங்கணும். தீச்சட்டிய எவ எடுப்பா?"

"இவ செத்துத் தொலைஞ்சா நம்ம வாசல்ல போலீஸு வந்து நிக்கும். தள்ளுங்க."

அன்பாக ஒரு வார்த்தை இல்லை. என்னை மூட்டை மாதிரி இழுத்து ஆட்டோவில் போட்டார். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அம்மை இல்லை, பூச்சி கடித்து வரும் ஒரு காய்ச்சல். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர். நான் தேறும்வரை அக்கா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். அந்த நாட்களில் ஊரில் தீச்சட்டி ஊர்வலம் முடிந்துபோனது. அவர் கையிலிருந்த காப்பைக் காணவில்லை. எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை.

"என்னால உங்க நேர்ச்ச போச்சேக்கா" என்று அழுதேன்.

"எங்க ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ மூடிக்கிட்டுக் கஞ்சியக் குடி" என்றார்.

பிழைத்து வந்தேன். தேவனுக்கு ஸ்தோத்திரம். கேட்டதைக் கொடுத்தார், வேண்டாம் என்றவரின் கையாலேயே கொடுத்தார். ஊர் திரும்பியதும் சபையில் சிலர், "ஒரு தூதன் வந்து காப்பாற்றினார் என்று சொல்லேன், கேட்க நன்றாக இருக்கும்" என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். தூதனுக்கு உடைக்க நேர்ச்சை கிடையாது. ஊரார் பேச்சும் அவன் கேட்க வேண்டியதில்லை. சரோஜா அக்கா கேட்டார். வீட்டுக்காரர் பல வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்களுக்குள் இப்போதும் ஆகாது. போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். ஆனால் தினமும் என் ஜெபத்தில் முதலில் வருகிற பெயர் சரோஜா. நான் மாறியது அந்த அளவுக்குத்தான்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். மகள் கர்ப்பமாக இருக்கிறாள், நிறைமாதம். சட்டி எடுக்காமல் விட்டதை நினைத்துப் பயந்துபோயிருக்கிறார். வெகுநேரம் எதையெதையோ பேசினார். கடைசியில் குரல் இறங்கியது. "ஏத்தா எஸ்தரு, உஞ்சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைய்யி."

ஆகவே இதைப் படிக்கிற விசுவாசிகளே, எனக்காக ஸ்தோத்திரம் சொன்னது போதும். நான் பிழைத்துவிட்டேன். என் ஆண்டவர் கேட்பார் என்று நம்புகிறவர்கள் இன்றிரவு அந்த நிறைமாதப் பெண்ணுக்காக முழங்காலில் நில்லுங்கள். பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவள் பெயர் மாரியம்மாள்.