கேவலம் ஐந்து நிமிஷம்

செல்லூரில் யார் வீட்டுத் தையல் மெஷின் மக்கர் பண்ணினாலும் பாண்டிமீனாவைத்தான் தேடி வருவார்கள். பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த காலத்தில், மெக்கானிக் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திறந்துவிடுவாள். கடைசியில் அந்த மெக்கானிக்கே, "ஏத்தா, நீயே பாத்துக்க, நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லும்படி ஆயிற்று. இப்போது சந்துக்குள் அவளுக்கென்று சொந்தக் கடை. சிம்மக்கல்லில் லோடு ஆட்டோ ஓட்டும் கணவன் பீமாராவ், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேலை செய்வதைச் செல்போனில் பிடித்து யூடியூபில் போடுவான்.

பாபின் நூல் சிக்குவதைச் சரிசெய்யும் வீடியோவுக்கு ஒரு கமெண்ட் வந்தது. எழுதியவள் நாகமணி; ஆந்திராக்காரி. இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததைப் பாண்டிமீனா எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'கேவலம் ஐது நிமிஷால்லோ சேசாரு அக்கா!'

அக்கா புரிந்தது. நிமிஷம் புரிந்தது. முதல் வார்த்தை முள்ளாய்க் குத்தியது.

"என்னங்க, இதப் பாருங்க. அஞ்சு நிமிஷமும் கேவலமா இருந்துச்சாம்."

"விடு மீனா, ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லத்தான் செய்வாக."

"அம்புட்டுப் பேரு பாக்குற எடத்துல எழுதியிருக்காளே!"

விடவில்லை அவள். 'கேவலமா?' என்று ஒற்றை வார்த்தையில் திருப்பிக் கேட்டாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'அவுனு அக்கா, கேவலம்!' கூடவே கும்பிடும் கைகள் இரண்டு.

"ஆமான்னு வேற சொல்றா, கும்பிடு வேற!"

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மறுநாள் ஞாயிறு. கடை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய மெஷின் ஒன்றை எடுத்துவைத்து, கேமரா முன் நான்கே நிமிஷத்தில் ஓடவிட்டாள். "இப்பச் சொல்லு தாயி, எது கேவலம்?" என்று முடித்தாள். சிரிப்பை அடக்கியதில் பீமாராவ் கையிலிருந்த போன் ஆடியது.

சாயங்காலமே நாகமணி எழுதினாள்: 'கேவலம் நாலுகு நிமிஷாலே!'

தன் மெஷினை எடுத்துப்போக வந்த அஸ்வினியிடம் பாண்டிமீனா பொரிந்து தள்ளினாள். நெல்லூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள் அஸ்வினி. போனை வாங்கிப் படித்தவள், சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, தெலுங்குல கேவலம்னா வெறும்னு அர்த்தம். வெறும் அஞ்சே நிமிஷத்துல முடிச்சிட்டீகளேன்னு அந்தம்மா அசந்துபோயி எழுதியிருக்கு. ரெண்டாவது, வெறும் நாலு நிமிஷமான்னு!"

பாண்டிமீனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அடியாத்தே, அந்தப் புள்ளைய மனசுக்குள்ள எம்புட்டு வஞ்சிட்டேன்!"

அஸ்வினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நடந்ததையெல்லாம் தெலுங்கில் எழுதி அனுப்பச் சொன்னாள். தன் போன் நம்பரையும் கொடுத்தாள். நாகமணி குரல்பதிவு அனுப்பினாள்; அஸ்வினி கேட்டுத் தமிழில் சொன்னாள். அதில் பாதி சிரிப்பு, மீதி மன்னிப்பு. தன் ஊரில் மெக்கானிக் கிடையாது, மெஷின் நின்று ஒரு மாசமாகிறது, அதனால்தான் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்ததாகவும் சொல்லியிருந்தாள்.

மறுநாள் மதியம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது இன்னொரு செய்தி. 'மீ சகாயம் சாலா அவசரம் அக்கா.'

"அவசரமாம்ங்க!" என்று பாண்டிமீனா இடது கையாலேயே வீடியோ கால் போட்டாள். அந்தப் பக்கம் நாகமணியும் தட்டும் கையுமாகத் திகைத்து நின்றாள். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை, 'உங்க உதவி ரொம்பத் தேவை' என்றுதான் அவள் எழுதியிருந்தாள் என்பது பாண்டிமீனாவுக்கு அப்புறம்தான் தெரியவந்தது.

கூப்பிட்டது கூப்பிட்டாயிற்று, இருவரும் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள். இவள் தன் மெஷினில் தொட்டுக் காட்டக் காட்ட, அவள் தன்னுடையதைக் கழற்றினாள். பாபினுக்கு அடியில் ஒரு கைப்பிடிப் பஞ்சு அடைத்திருந்தது. அதை எடுத்ததும் மெஷின் கடகடவென்று ஓடியது. நாகமணி ஒரு துண்டுத் துணியைத் தைத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

"தையல் லேசா தொளதொளன்னு இருக்கு பாரு" என்று பாண்டிமீனா இரண்டு விரலைத் திருகிக் காட்டினாள். நாகமணி தலையாட்டிவிட்டு ஸ்க்ரூவை இறுக்கினாள்.