பஞ்சலோகச் சவுக்காரம்

நண்பர்களே, இதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

பனம்பழ வாசம்... என் கலியாணத்தின் முதல் வாசம் அதுதான்.

சண்டைக்காலம். யாழ்ப்பாணத்துக்குக் குளிக்கவும் தோய்க்கவும் சவுக்காரம் வருவது நின்றுபோயிருந்தது. புத்தூரில் எங்கள் அண்ணி, தேய்ந்த துண்டுகளையெல்லாம் பால்மாத் தகரப் பேணியில் சேர்த்து, சுடுநீரில் இளக்கி, சிரட்டையில் அழுத்தி ஒரு கட்டி வார்த்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை... ஐந்தாவதாக அண்ணையின் தலைமயிர். "பஞ்சலோகம்" என்று நானே பட்டம் சூட்டினேன். அதன் நுரை அச்சுவேலிச் சந்தை வரை போய் பஸ்ஸை மறித்ததாகக் கேள்வி.

நான் உடுவிலுக்குப் பெண் பார்க்கப் போவதற்கு முதல்நாள், என் ஒரே வெள்ளை முழுக்கைச் சேட்டைத் தோய்க்க அண்ணி அதைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். ஒரு காகம் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது!

"தம்பி, இனிப் பனம்பழத்தாலை தோய்க்கிறதுதான் கதி."

"ஐயோ அண்ணி, வாசத்துக்கு மாடெல்லாம் பின்னாலை வருமே!"

"வரட்டுமன். மாப்பிள்ளை ஊர்வலம் எண்டு நினை."

வந்தன. வலிகாமத்து மாடுகள் அத்தனையும், என் சைக்கிளுக்குப் பின்னால். பெண் வீட்டுப் படலை வாசலில் ஒரு சிவலைப் பசு என் சேட்டுக் கையைச் சப்பியே விட்டது. மாட்டெச்சிலோடு போய் நிற்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கலியாணம் கைநழுவியது என்று, சேட்டைக் கழுவ அந்த வீட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன்.

கிணற்றுக்கட்டில் ஒரு புத்தம்புதுச் சவுக்காரம்... மேலே பொறித்த எழுத்துக்கூடத் தேயாமல்! கையை நீட்டினேன். பின்னால் ஒரு குரல். நான் பார்க்க வந்த பெண்ணேதான்.

"உதிலை கை வையாதேங்கோ! வாற ஆக்களுக்குக் காட்ட எண்டு பக்கத்து வீட்டிலை இரவல் வாங்கினது. எழுத்து அழியாமல் திருப்பிக் குடுக்கோணும்."

"அப்ப என்ரை சேட்?"

வாளிக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை... சிரட்டை வடிவம்.

"சிரிக்கப்படாது."

காகம் கொண்டுபோன எங்கள் பஞ்சலோகமேதான்! அண்ணையின் மயிர்கூட அப்படியே இருந்தது. இதற்குமேல் சாதகம் எதற்கு?

இப்போது எங்கள் குளியலறை மருந்துக்கடை மாதிரி. சவுக்காரப் போத்தல் முடிந்தாலும் என் மனைவி எறியமாட்டாள். தண்ணீர் விட்டுக் குலுக்குவாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நுரை வரும், வாசமும் வரும்... ஒரு மாடும் பின்னால் வராது.

சரி, சரி. காகம் பொய். மாடுகள் பொய். அண்ணைக்கு அப்போதே தலையில் மயிரில்லை.

ஆனால் அன்று பின்னேரம், அந்த இரவல் சவுக்காரம் எழுத்து அழியாமல் பக்கத்து வீட்டுக்குத் திரும்பிப் போனது.

அது மட்டும் மெய்.