அன்பாகப் பேசிய இடி டீச்சர்

இடி டீச்சருக்குக் கல்விக் கொள்கை என்று ஒன்று உண்டு. வளர்ந்த ஆட்களைத் திட்டாமல் படிக்க வைக்க முடியாது என்பதே அது. மாலை வகுப்புக்கு வரும் லாரி டிரைவர், கூட்டிப் பெருக்குகிறவர், ஆஸ்பத்திரி சமையற்காரம்மா எல்லோருக்கும் பாரபட்சமின்றித் திட்டு விழும். திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து, அதே எழுத்தைச் சலிக்காமல் மறுபடி மறுபடி போடவைப்பார். இந்தப் பகுதி கொள்கையில் கிடையாது. தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது.

முதியோர் கல்வி மேற்பார்வையாளரின் கொள்கை வேறு. "கற்பவரே தெய்வம், அன்பே பாடம்!" அதை மேசையைத் தட்டித் தட்டி, டீச்சரை ஒரு வாக்கியம்கூட முடிக்கவிடாமல் விளக்கியிருந்தார். அவர் நேரில் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் டீச்சருக்கு அடுத்த வருஷமும் வகுப்பு.

அன்று அவர் கடைசி பெஞ்சில் வந்து அமர்ந்தார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சமையற்காரம்மாவை அழைத்தார்.

"வாங்க கண்ணு, போர்டுல ஒரு வரி எழுதுங்களேன்."

வகுப்பு திகைத்துப்போயிற்று. டிரைவர் மெல்ல எழுந்தார்.

"டீச்சர், வீட்ல ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணுமில்ல ராஜா, உட்காருங்க."

"ராஜாவா! ஐயோ, பெருசா ஏதோ ஆயிடுச்சு."

சமையற்காரம்மா இடத்தைவிட்டு அசையவில்லை. "நீங்க திட்டினா வந்துடுவேன் டீச்சர். இப்படிக் கொஞ்சினா எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, எழுதத் தெரியலன்னா வாயை மூடிட்டு உட்காரு!"

அந்தம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"யோவ்! என் ஆளுங்களத் திட்ட நீ யாருய்யா? ஏய், மரமண்டை, எழுந்திரு! இவரு இப்ப சொன்னாரே, அதை அப்படியே போர்டுல எழுது!"

சமையற்காரம்மா விறுவிறுவென்று போய்ச் சாக்பீஸை எடுத்தார். கோணல்மாணலாக, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் எழுதி முடித்தார். டிரைவர் எழுத்துக் கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்.

"உங்க வகுப்பு இந்த மாசத்தோட சரி!" என்று கத்தினார் அன்பின் தூதர்.

"சரின்னா சரி. இன்னைக்கு இன்னும் அரைமணி பாக்கி இருக்கு. வெளியே போங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க."

கதவு படாரென்று அறைந்தது.

"என்ன பார்வை? அவரு போனா பாடமும் போயிடுமா? அடுத்த வரி யாரு எழுதறது, தடிமாடுங்களா?"

மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அதற்கும் திட்டு விழுந்தது.