இரண்டு விசா, ஒரு மொட்டை

குமுதா பத்துமலை முருகன் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை. தான் செய்த காரியம் என்னவென்று அவளுக்கு உறைத்தது திங்கட்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸில், விசா ஏஜெண்ட் லோகன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றபோது.

"ஐயோ ஆன்டி! புதன்கிழமை அமெரிக்க எம்பசி இண்டர்வியூ லா! இப்பப் போயா?"

பண்டமாரானில் ஒரு கண்டெய்னர் யார்டு கேண்டீனில் பத்தொன்பது வருஷமாகச் சமைக்கிறவள் குமுதா. நூறு பேருக்குக் குழம்பு வைக்கச் சொன்னால் உப்பைக் கண்ணாலேயே அளந்துவிடுவாள். விசா பாரத்தைக் கண்டால் மட்டும் பேனாவை லோகனிடமே நீட்டிவிடுவாள். நீட்டாமல் பின்னே? ஒன்றா, இரண்டு விசா அல்லவா கேட்டிருந்தாள்!

மகள் தாமரை டொரொண்டோவில் இருக்கிறாள். வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள், எட்டாவது மாதம். போன வருஷம் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனபோது அவள் பக்கத்தில் யாருமில்லை. மருமகன் கிருஷாந்த் கிடங்கில் இரவு வேலைக்குப் போயிருந்தான். "அன்னிக்கு நீ இருந்திருந்தா இவ்வளவு பயந்திருக்க மாட்டேம்மா" என்று மகள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். பெற்றவளுக்கு அந்த ஒரு முறை போதாதா? இந்தத் தடவை பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று குமுதா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கிருஷாந்த் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய டிக்கெட் அமெரிக்கா வழியாகப் போகிறது. விமானம் மாறி ஏற மூன்று மணி நேரம் அங்கே நிற்பதற்கும் விசா வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் அந்த மகராசனுக்குத் தெரிந்தது. டிக்கெட்டைத் திருப்பித் தர முடியாது. வேறு வழியில் போனால் மூன்று மடங்கு விலை. "ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணுன்னா, பேரப்பிள்ளைங்க காதுகுத்துக்குத்தான் போய்ச் சேருவீங்க ஆன்டி" என்று சொல்லி லோகன் இரண்டு மனுவையும் ஒரே வாரத்தில் போட்டுவிட்டான்.

குமுதாவும் தன் பங்குக்கு முருகனிடம் ஒரு மனு போட்டாள். விசா கிடைத்தால் மொட்டை. எந்த விசா என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றே வாரத்தில் கனடா விசா பாஸ்போர்ட்டில் ஏறி வந்தது. "ரெண்டும் வரட்டும், அப்புறம் போயேன்" என்று கணவர் பரமேஸ்வரன் சொல்லிப் பார்த்தார். லோரி ஓட்டுகிற மனுஷன், அவசரப்படத் தெரியாதவர். "சாமிகிட்டயே தவணை கேக்கச் சொல்றீங்களா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து சிரைத்துக்கொண்டு வந்தாள்.

லோகன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். அமெரிக்க மனுவில் இருந்த படத்தில் தோள்மேல் முன்னால் எடுத்துப் போட்ட கனத்த பின்னல், அதில் மல்லிகைச் சரம். "இந்தப் படத்தையும் உங்க தலையையும் பாத்தா ஆபீசர் என்ன நெனப்பான்? கீமோ எடுத்தவங்க, வைத்தியத்துக்குப் போறாங்கன்னு நெனப்பான். ரிஜெக்ட் பண்ணிட்டா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல விக் கிடைக்கும், போய் வாங்குங்க."

தேடிப் போனதில் தோள் வரையான விக்தான் கிடைத்தது. வாங்கினாள்.

புதன்கிழமை காலை, போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு எம்பசிக்குள் போனாள். விக்குக்கு அடியில் தலை கொதித்தது. முன்னால் நின்ற பையனுக்கு இரண்டே கேள்வி. விசா இல்லை என்கிற நீலக் காகிதம் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு முகம் செத்துப்போய்த் திரும்பினான். அடுத்தது அவள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நன்றாக மலாய் பேசினார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"முடியை வெட்டிக்கொண்டீர்களா?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. அந்தப் பொய் வராமல் விக்கின் ஓரத்தைத் தடவினாள்.

"உடம்புக்கு ஏதாவது? சிகிச்சைக்குப் போகிறீர்களா?"

"இல்லை, துவான்" என்று ஐயா போட்டுச் சொன்னாள்.

அவர் எதையோ தட்டத் தொடங்கினார். அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது. பொய் பிடிபட்டால் இந்த வாசல் இனி என்றைக்கும் திறக்காது என்ற பயம் ஒரு பக்கம். சாமிக்குக் கொடுத்ததை மனுஷனிடம் மறைக்கிறோமே என்ற கூச்சம் ஒரு பக்கம். விக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"கனடா விசா கிடைக்க வேண்டிக்கொண்டேன். கிடைத்தது. முடியைக் கொடுத்துவிட்டேன்" என்றாள், தனக்குத் தெரிந்த மலாயில்.

"இந்த விசாவுக்கு?"

"இதற்கு வேண்டிக்கொள்ள மறந்துவிட்டேன், துவான்."

அவர் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடமா, கூடவா, அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்து கனடா விசா இருந்த பக்கத்தை இன்னொரு முறை புரட்டினார்.

"விசா கொடுக்கிறோம். பாஸ்போர்ட் இங்கே இருக்கட்டும். ஐந்து நாளில் வந்துவிடும்."

முருகா என்று வாய்விட்டே சொன்னாள். விமானத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கால் தரையில் பாவாமல் வெளியே ஓடிவந்தாள்.

பரமேஸ்வரன் ரோட்டோரம் நின்றிருந்தார். அவசரப்படத் தெரியாத அந்த மனுஷன் போனை நீட்டிக்கொண்டே அவளை நோக்கி ஓடினார்.

"கிருஷாந்த் போன் அடிச்சான். பனிக்குடம் உடைஞ்சிருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. நம்ம தாமரை லைன்ல இருக்கு."

குமுதா எம்பசிக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு விசாவும் இருக்கின்றன. பாஸ்போர்ட் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா..." தாமரைக்கு மூச்சு வாங்கியது. "எங்கம்மா இருக்க?"

கண்ணாடி முன்னால் வராத பொய் இப்போது தடங்கலில்லாமல் வந்தது.

"ஏர்போர்ட்லதாம்மா இருக்கேன். கிளம்பிட்டேன். நீ மூச்ச நல்லா இழுத்து விடு."

"போன வச்சிடாதம்மா."

"வைக்க மாட்டேன்" என்று சொல்லி, வெயிலில் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.