எதிர்வீட்டு வெடிச்சத்தம்

பரமட்டா கோர்ட்டில் அந்த மாடி முழுவதும் அன்றைக்குத் துப்பாக்கி வழக்குகள்தான். இவற்றுக்கென்றே தனி நீதிமன்றம் வேண்டுமென்று அரசியல்வாதிகள் டிவியில் கத்திக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் நடந்த யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்தவள் நான்; பெற்ற மகளை இப்படியொரு இடத்துக்குச் சாட்சி சொல்லக் கூட்டிவருவேனென்று கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

துப்பாக்கிச் சூடு நடந்தது நாங்கள் குடியிருக்கும் குவேக்கர்ஸ் ஹில்லில், எங்கள் எதிர்வீட்டு வாசலில். தீபாவளிக்கு முந்தின வாரம், வெயில் இறங்காத பின்னேரம். பட்டாசு என்று நினைத்துத் தெருவே வேடிக்கை பார்க்க வெளியே வந்தது. அந்த வீட்டு இளைஞன் ஆஸ்பத்திரி போகுமுன் இறந்துவிட்டான். ஓடிய காரின் நம்பரைக் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் ஜன்னலால் பார்த்து வைத்தவள் என் மகள் மட்டுந்தான்.

யூனியில் படிக்கும் பிள்ளை; இந்த நாட்டிலேயே பிறந்தவள். யுத்தம் பற்றி அவளிடம் நான் ஒரு சொல் சொன்னதில்லை. கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு? போய்ப் படி" என்று வாயை அடைத்துவிடுவேன். அந்தப் பயம் என்னோடு முடியட்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம் எனக்கு.

கூண்டில் அவள் அமைதியாகத்தான் நின்றாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சிரித்தபடி கேட்டார்: "தெரு முழுக்கப் பட்டாசு என்றுதான் நினைத்திருக்கிறது. பட்டாசுச் சத்தத்துக்கு யாராவது கார் நம்பரைப் பார்ப்பார்களா?"

அவள் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அது பட்டாசு இல்லையென்று எனக்குத் தெரியும். அம்மா அதற்குள் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார்."

கோர்ட்டே என்னைப் பார்த்தது. ஹேண்ட்பேக்கை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். நான் படுத்தது எனக்கே நினைவில்லை. சத்தம் கேட்டதும் அடுப்பை நிறுத்தியதாகத்தான் நினைத்திருந்தேன்.

திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள்.

"எப்பயிருந்து உனக்கு இதெல்லாம் தெரியும்?" என்று கடைசியில் கேட்டேன்.

"ஓல்வேஸ், அம்மா. சின்ன வயசிலயிருந்தே. நியூ இயர் வாணவேடிக்கைக்கு நீங்கள் பாத்ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு இருக்கிறனீங்கள்தானே."

"ஓம். நீ நித்திரை எண்டு நினைச்சனான்."

"இல்லை. கதவுக்கு வெளியில நானும் நிலத்தில படுத்திருப்பன்" என்றாள்.