திருவொற்றியூர் மல்லிகை

சவரிநாதனின் மூக்கைப் பற்றித் திருவொற்றியூரில் இரண்டு கருத்துகள் இருந்தன. மஜீது பாயின் ஊதுபத்தி சென்ட் ஷெட்டில், முப்பது வருடமாகக் கலவை போடும் மாஸ்டருக்கு இணையே கிடையாது என்றார்கள். வீட்டில் மனைவி சிலுவையம்மாள், "அடுப்புல கருவாடு தீயுது, அது தெரியல. பெர்ய மூக்கு" என்றாள். இரண்டும் உண்மைதான்.

2001இல் பெங்களூர் சோப்புக் கம்பெனி ஒன்று மல்லிகை சென்ட் கேட்டது. பாய் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இந்த ஆர்டர புட்ச்சா நீ இருக்கே நைனா. இல்லாங்காட்டி பம்பாய்லேந்து ரெடிமேட் சென்ட் வாங்கி ஊத்திக்கினு போய்டுவேன். கலவை ரூம்பு குடோன் ஆய்டும்."

அந்த அறையை விட்டால் சவரிநாதனுக்குப் போக்கிடம் ஏது. இருபத்திரண்டு நாள் கலந்தார். காகிதக் கீற்றை நனைத்து முகர்ந்தால் அப்போதுதான் கட்டி முடித்த சரம். ஷெட்டே தலையாட்டியது. பெங்களூர் ஆட்டவில்லை. "நெடி தாங்கவில்லை" என்று ஒரே வரியில் கடிதம் வந்தது.

"அவனுங்களுக்கு மூக்கு கீதா?" என்று கேட்டுவிட்டு, எண்ணெய்ப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ரயிலேறினார். சண்டைக்குத்தான். லாட்ஜில் அதற்கு ஒத்திகையாகச் சென்ட் புட்டியைத் திறந்தார். மல்லிகை மூக்கில் குத்தியது. மூடிவிட்டு மறுபடி திறந்தார். மறுபடியும் குத்தியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முகர்ந்தார். அங்கே ஒரு வாசனையும் இல்லை. அதுதான் வித்தியாசம். ஊரில் சுற்றிலும் உள்ள ஆலைகளின் புகையைத் தாண்டி எழும்ப வேண்டுமென்று, தனக்கே தெரியாமல், முப்பது வருடமாக எல்லாவற்றையும் இரண்டு பங்காக ஊற்றியிருக்கிறார். பெங்களூருக்குப் புட்டிதான் போனது, புகை போகவில்லை.

சண்டையைக் கைவிட்டு மூன்று நாள் லாட்ஜிலேயே உட்கார்ந்து கலவையைத் தணித்தார். சொட்டுச் சொட்டாக நோட்டில் குறித்துக்கொண்டார். ஆர்டர் கிடைத்தது.

ஷெட்டில் அதையே பெரிய அளவில் கலந்தபோது, பீப்பாய் மூடும் மலர்க்கொடி குனிந்து முகர்ந்தாள்.

"இன்னா மாஸ்டர், பச்சத்தண்ணி கணக்கா கீது?"

"அப்டித்தான் இருக்கணும்."

"உன்க்கு வாசன வர்தா?"

"வரல. மூடு."

ஓய்வு பெறும்வரை ஏழு வருடம், நோட்டையும் தராசையும் பார்த்தே அந்த மல்லிகையைக் கலந்தார். பெங்களூரிலிருந்து ஒரு பீப்பாய்கூடத் திரும்பி வரவில்லை. கலவை அறையில் அவருக்கு அது ஒரு நாளும் மணக்கவும் இல்லை.