தவிட்டுக்கு வாங்கிய மகள்

ஒருத்தி யாருடைய மகள் என்று சொல்ல யாருக்கு உரிமை? இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இராசம்மா இப்படியெல்லாம் யோசிக்கிறவள் அல்ல. கேள்விதான் 1957இல் அவளைத் தேடித் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தது, பிரஜாவுரிமைக் கந்தோரின் கடிதமாக. லிந்துலையில் பிறந்ததாக எழுதியிருக்கிறீர், அத்தாட்சி கொண்டுவராவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும் என்றது கடிதம்.

மகள் சுகிர்தத்துக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தாய்க்குப் பிரஜாவுரிமை கிடைத்தால்தான் அவள் போகலாம்.

ஞானஸ்நான ஏட்டைப் பார்க்க இராசம்மா மாதா கோவிலுக்கு நடந்தாள். முதல் ஞாயிறு சாமியார் பொகவந்தலாவைக்குப் பூசைக்குப் போயிருந்தார். அடுத்த ஞாயிறு அலுமாரிச் சாவியைக் காணவில்லை. மூன்றாம் ஞாயிறு ஏடு திறந்தது. 1917, பெயர் இராசம்மா, பிறந்தது இதே தோட்டம். பெற்றோர்: சூசை, சவேரியாயி.

அவளைப் பெற்றவள் அருளாயி. அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதையாவது சாவின் கண்ணில் படாமல் வைக்க, அருளாயி அதை லயத்தில் அடுத்த காம்பராச் சவேரியாயிக்கு ஒரு சொளகு தவிட்டுக்கு விற்றாள். விற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொன்னால் விற்றது பலிக்காது. அதனால் ஞானஸ்நானத் தொட்டியருகிலும் வாங்கியவர்களே பெற்றவர்களாக நின்றார்கள். பிள்ளை தங்கிவிட்டது. அதற்கு நாலு வயதாகும்போது அருளாயி அதைத் திருச்சிப் பக்கம் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று அங்கிருந்த சாமியாரிடம் பொய் சொல்லி, தன்னையே தாயாக எழுதவைத்துத் திரும்பினாள். அந்த ஞானஸ்நானத் துண்டு இராசம்மாவின் தகரப்பெட்டியில் கிடந்தது. அதில் தாய் பெயர் சரி. ஊர்தான் கடலுக்கு அப்பால்.

சாமியார் ஏடு, திருச்சித் துண்டு இரண்டையும் பார்த்தார். "ஞானஸ்நானம் ஒரு தடவைதான். ரெண்டாவது செல்லாது."

"அப்ப எங்க அம்மா யாரு, சாமி?"

அவர் ஏட்டை மூடினார். திருத்தத் தனக்கு அதிகாரமில்லை, மறைமாவட்டத்து மேற்றிராணியாருக்கு எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார்; ஏட்டில் உள்ளதை ஒரு துண்டில் எழுதி அவள் கையிலும் கொடுத்தார். மழைக்காலம் முழுவதும் போயிற்று, பதில் வரவில்லை. விசாரணை நாள் மட்டும் நெருங்கியது.

தோட்டத் தொழிலாளர் சங்கத்துக் குமாஸ்தா வழி சொன்னார். லிந்துலைத் துண்டை மட்டும் காட்டவேண்டும். விண்ணப்பத்தை நிரப்பியவர் அவர்தான்; தாய் பெயரை அருளாயி என்று பிழையாக எழுதிவிட்டதாக அவரே ஒப்புக்கொள்வார். சவேரியாயி கைநாட்டு வைத்தால் போதும். கிழவி பொகவந்தலாவையில் உயிரோடுதான் இருந்தாள். விஷயம் கேட்டதும் பொக்கை வாய் விரியச் சிரித்தாள்.

"ஒரு சொளகு தவிடு குடுத்து வாங்குனேன். உங்காத்தா புள்ளையத் தூக்கிட்டுப் போனா, தவிட்டத் திருப்பித் தரல. அப்ப நீ இன்னும் எம் மகதான? எங்க வைக்கணும் கைநாட்டு, காட்டு."

சுகிர்தம் இடத்தைக் காட்டினாள்; இராசம்மா சிரிக்கவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் சுகிர்தம் மெல்லச் சொன்னாள்: "செத்துப்போன அருளாயி அம்மாயி கோவிச்சுக்கவா போவுது? ஒரு பேருதானம்மா."

அவள் கைநாட்டு வைத்த தாளை மடித்து மடியில் செருகினாள். மகள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

விசாரணை நாளில் அட்டன் கந்தோரில் அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார்: "உங்க அம்மா பேரு என்ன?"

இராசம்மா மடியிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்தாள். லிந்துலைத் துண்டைக் கிழவியின் கைநாட்டோடு சேர்த்து நாலாக மடித்து மறுபடி மடியில் செருகினாள். பின்னால் சுகிர்தம் "அம்மா" என்றது கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை. திருச்சித் துண்டை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"அருளாயிங்க."

விண்ணப்பம் தள்ளுபடியானது. அடுத்த மாதம் சுகிர்தம் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற காலையிலும், அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும், இராசம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.